ஜெஸிந்தா ஸ்டாக் இல்லை

ஜெஸிந்தா கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன மறுநாள் காலை, தேவநேசன் தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார். கதவு முக்கால்வாசி வந்தது. அதற்கு மேல் வராது. அது வராது என்பது தெருவுக்கே தெரியும்.

குன்னூரில் யார் வீட்டுக் கதவு முனகினாலும் முதலில் தேவநேசனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்தக் கதவிடம் தோற்று, தோளைத் தடவிக்கொண்டு நின்ற காட்சியைப் பக்கத்து வீட்டு ராபியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி கொடியில் கிடந்த துணியை எடுத்து உதறினாள். ஏற்கெனவே உலர்ந்த துணி அது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வீட்டை ஒட்டியே பட்டறை. 'தேவநேசன் குடும்பக் கதவுகள்' என்று போர்டு. கதவு, நிலை, ஜன்னல் சட்டம், சுற்றிலும் அடிக்கிற பீடிங் என்று எல்லாம் செய்வார்கள். ஆணியை நம்பாமல் மரத்துக்குள் மரத்தைச் சொருகிப் பூட்டுகிற வேலை. ஊட்டியிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். குடும்பக் கதவுகள் என்ற பெயரில் பொய் எதுவுமில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் குடும்பத்தில் ஒருவர் பெயர்தான். கண்ணாடி பதித்த ஒல்லிக் கதவு மகள் பெயரில் 'கெஸியா'. ப்ளைவுட் கதவு மருமகன் பெயரில் 'பிரைட்டன்'. வெளியே வழவழப்பு, தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று பட்டறையில் சொல்லிக்கொள்வார்கள், மருமகன் வராத நாட்களில். நல்ல தேக்கில், கனமாக, சத்தமே இல்லாமல் சாத்துகிற ஆறு பலகைக் கதவுக்கு மனைவி பெயர். அதிகம் விற்றது அதுதான்.

"ஜெஸிந்தா வேணுமுங்க, ஆனா அகலம் கொஞ்சம் கம்மியா" என்று யாராவது கேட்டால் தேவநேசன் முகம் மாறாமல் டேப்பை எடுப்பார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்கும் ஜெஸிந்தாவின் முகம்தான் மாறும்.

அவள் போன கதை இது. அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் கதவு ஊதியபோது தாழ்ப்பாளைக் கழற்றி வைத்த தேவநேசன், திரும்ப மாட்டவே இல்லை. ஆகவே உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பாட்டு நின்றால் அறை காலி என்று அர்த்தம். ஜெஸிந்தா கீர்த்தனை பாடுவாள். தேவநேசனுக்குப் பாட்டு வராது. "தேக்கு, வேங்கை, சில்வர் ஓக்" என்று மரங்களின் பெயரை உரக்கச் சொல்லியபடி குளிப்பார். சம்பவத்தன்று ஜெஸிந்தா உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணத்துக்காக மூச்சு வாங்கிய இடைவெளியில் காஸ் சிலிண்டர்காரர் வீட்டு நடைக்குள் வந்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஜெஸிந்தா காலால் கதவை உதைத்தாள்.

அதற்கு முந்தின நாள் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தேவநேசன் தலையில் மரத்தூளோடு போய்ச் சேர்ந்தபோது சர்ச் ஹாலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது வேறு விஷயம் என்றுதான் தேவநேசன் நினைத்தார். கல்யாணமானாலும் கிறிஸ்துமஸ் ஆனாலும், கெஸியா பிறந்த அன்றானாலும், அவர் போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு போகாதவள் சிலிண்டர்காரருக்காகத்தானே போயிருக்க வேண்டும்?

பையோடு பட்டறை வாசலில் வந்து நின்றவள் சத்தம் போடவில்லை. சத்தமில்லாமல் சாத்துகிறவள் அல்லவா?

"நீங்க என்னைக்குக் கதவைச் சாத்தறீங்களோ, அன்னைக்கு நான் வர்றனுங்க" என்றாள்.

"அதுக்கென்ன ஜெஸி, சாத்திப்புடலாம்" என்றார் தேவநேசன், அளந்துகொண்டிருந்த சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நிமிர்ந்து பார்த்தபோது ஊட்டி பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. தங்கை இருக்கும் சோலூருக்கு ஊட்டி போய்த்தான் பஸ் மாற வேண்டும்.

போனில் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. சரி, கதவு பேசட்டும் என்று இழைப்புளியை எடுத்தார்.

ஐப்பசி மழை. மரம் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. மழையில் கதவை இழைக்காதீங்க, வெயில் வந்தா சுருங்கிக்கும் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர்தான். ஆனாலும் மனைவி இல்லாத வீட்டில் சொந்தப் பாடம் யார் காதில் விழும்? சீவிவிட்டார். கதவு சமர்த்தாகச் சாத்திக்கொண்டது. கெஸியாவுக்குப் போன் போடலாம் என்று நினைத்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. கதவு சுருங்கி, இடுக்கில் ஒரு கை நுழைந்தது.

இடுக்கை மறைக்க நிலையைச் சுற்றிப் பீடிங் அடித்தார். அழகான பீடிங். விளிம்பில் மாங்காய்ப் பிஞ்சு செதுக்கல். ஊர்க்காரர்களுக்கானால் தனிக்கூலி. பீடிங் அடித்ததும் கதவு மறுபடி முக்கால்வாசியோடு நின்றது. கோணல் நிலையில்தான் என்று கண்டுபிடித்து நிலையை ஒரு தட்டுத் தட்டினார். நிலை நேரானது. சுவர் கோணலானது. காரை பெயர்ந்து, அதனுள் இருந்த குழாய் உடைந்து, தண்ணீர் ராபியா வீட்டு வாசல்வரை போய் விசாரித்துவிட்டு வந்தது. குழாயை அடைத்து முடித்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. போர்வை ஒன்று தொங்கியது.

அன்றிலிருந்து தேவநேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ராபியா வீட்டுக்குக் குளிக்கப் போனார். அங்கே கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருந்தது, அவரே மாட்டிக் கொடுத்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? உள்ளேயிருந்து தேக்கு, வேங்கை என்று குரல் வந்தது. ராபியாவின் புருஷன் சுபுஹான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மனுசன் குளிக்கறாரா, ஆர்டர் எடுக்கறாரா?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க. ஆளு போன துக்கம்" என்றாள் ராபியா. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

துக்கம் இருக்கத்தான் செய்தது. தேவநேசன் பட்டறை நடுவில் நின்று ஒரு முடிவுக்கு வந்தார். பழசைச் சீவி ஒப்பேற்றுவதில்லை. புதிதாக ஒரு ஜெஸிந்தா, வீட்டு ஜெஸிந்தாவுக்கே. பகலில் ஊரார் வேலை, பொழுது சாய்ந்த பிறகு இந்த வேலை. ஏற்கெனவே சீக்கிரம் அடைக்காத பட்டறை, இப்போது ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெருவிளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. எதிரே பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பம்மாவிடமிருந்து டீ உள்ளேயே வந்துவிடும். காலி கிளாஸ் தானாகப் போய்விடும். மனிதர் ரோட்டுப் பக்கம் தலை காட்டவில்லை.

உளியைப் பிடித்திருக்கும்போதுதான் நினைவுகள் வந்து குத்தின. முதல் ஜெஸிந்தாவைச் செய்து முடித்தபோது கல்யாணமான புதுசு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, "நம்மூட்டுக்கா?" என்று கேட்டாள். "ஆர்டருக்கு" என்றார். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அவர் கீலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஊரெல்லாம் ஜெஸிந்தாவை மாட்டிவிட்டு, ஜெஸிந்தாவை ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் பாட விட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது கண்ணில் மரத்தூள் விழுந்தது. மரத்தூள்தான் என்றார், எட்டிப் பார்த்த சுபுஹானிடம்.

கதவு முடிந்து, பாலிஷ் காய்ந்து, பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. கீல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார் தேவநேசன். அத்தனை நாளில் அவர் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போனது அந்த ஒரு தடவைதான். திரும்பி வரும்போது, கணக்கு எழுதும் ஷண்முகப்ரியா பஸ் ஸ்டாப்பிலேயே எதிர்கொண்டு வந்தாள். சந்தோஷச் செய்தி சொல்கிற முகம்.

"சார், ஜெஸிந்தாவை ஊட்டி லாட்ஜ்காரர் வந்து வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாருங்க."

பஸ்ஸுக்கு நின்றிருந்த சர்ச் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

ஊட்டியில் லாட்ஜ் வைத்திருக்கும் கமலேஷ், ஒரு ஜெஸிந்தாவுக்கு ரொம்ப நாளாகச் சொல்லி வைத்திருந்தவர். தினமும் போன் செய்து ஜெஸிந்தா வந்தாச்சா என்று கேட்பார். ஜெஸிந்தா ஸ்டாக் இல்லீங்க, எப்ப வரும்னு தெரியலீங்க என்று தேவநேசன் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் ஏன் உடைகிறது என்று பாவம் அந்த மனிதருக்குப் புரிந்ததேயில்லை. இன்று ஷண்முகப்ரியா போனை எடுத்திருக்கிறாள். சாய்ந்து நின்ற கதவைப் பார்த்து, வந்தாச்சுங்க என்றிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி அவலாஞ்சி வரை போய்விட்டது. மருமகனுக்கு மின்சார வாரியத்தில் வேலை என்பதால் கெஸியா அங்கேதான் இருந்தாள். போனில் அழுதுகொண்டே வந்தாள்.

"அப்பா, அம்மாவை யாரோ வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்களாமே?"

"அது கதவு கண்ணு."

"எந்தக் கதவு?"

"அம்மா கதவு."

"அப்ப நிஜ அம்மா எங்கப்பா? சித்தி ஊட்டுக்கு இப்பத்தான் போன் போட்டேன். மத்தியானமே கெளம்பி எங்கயோ போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

மறுபடி விசாரிக்கச் சொல்லிவிட்டுத் தேவநேசன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ராத்திரி மகள் மறுபடி கூப்பிட்டு, அம்மா சோலூர் திரும்பிவிட்டாள், ஊட்டி மார்க்கெட்டுக்குப் போனேன் என்கிறாள், ஆனால் கையில் ஒரு கொத்தமல்லிகூட இல்லையாம் என்றாள். போன உயிர் வந்ததும் தேவநேசன் சொல்லி அனுப்பினார்: அப்பாவுக்கு ராத்திரி பகல் கதவு வேலைதான், வேற நெனப்பே இல்லைன்னு அம்மாகிட்டச் சொல்லு கண்ணு.

கெஸியா சொல்லிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"என்ன சொன்னா?"

"'தெரியும்'னாங்க."

"எப்படிச் சொன்னா? கோவமாவா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. சும்மா, தெரியும்னாங்க."

தேவநேசன் அந்த ஒரு சொல்லை வெல்லக்கட்டி மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டார். தெரியுமாம். தன் புருஷன் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புதுத் தேக்குப் பலகைகளை மேஜைமேல் தூக்கிப் போட்டார். இரண்டாவது ஜெஸிந்தா முதலாவதைவிட நன்றாக வந்தது. சுவருக்குக் காரை பூசி, நிலையைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, கதவை மாட்டி, பித்தளைத் தாழ்ப்பாள் வைத்தார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு விரலால் தள்ளினார். கதவு போய் நிலையில் உட்கார்ந்தது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பார்க்க வந்த ராபியா உள்ளே போய்த் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"நல்லாருக்குதுங்கண்ணா. முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றாள்.

தேவநேசன் தாழ்ப்பாளைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். கெஸியாவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அப்பா கதவைச் சாத்தியாச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லு. அப்படியே சொல்லு."

உடனே பதில் வந்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம்.

தேவநேசன் சட்டையைத் தேய்த்தார். இந்தத் தடவையாவது பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் வருகிறவள் தடுமாறக் கூடாதே என்று பட்டறைக் கதவை விரியத் திறந்து வைத்து, இருந்த பல்புகள் அத்தனையையும் போட்டார். சவரம் செய்ய உட்கார்ந்தார். காதோரத்தில் ஒட்டியிருந்த பாலிஷைத் தேய்த்து எடுக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது ஊட்டிக்குப் போகிற பஸ் ஒன்று அவரை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஊட்டியிலிருந்து வருகிற பஸ் எதையும் காணோம். டீக்கடை பெஞ்சில் பாதி குடித்த டீ கிளாஸ் ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"சுப்பம்மா, ஊட்டி பஸ் வந்துருச்சா? ஊட்டுக்காரி வர்றா."

சுப்பம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, அக்கா வந்துட்டு இப்பத்தானுங்களே அந்த பஸ்ஸுல திரும்பிப் போறாங்க. எப்பவும் போலத்தானுங்க."

"எப்பவும்னா? இதுக்கு முன்னாடி எப்ப வந்தா? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க வெளிய வந்தாத்தானுங்களே சொல்றது? ரெண்டு நாளைக்கொருக்கா வருவாங்க, இதே பெஞ்சில உக்காருவாங்க, உங்க பட்டறைக் கதவு தொறந்து லைட்டு எரியறதையே பார்த்துட்டு, 'அந்தக் கதவை இன்னும் சாத்தலியே சுப்பம்மா'ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவாங்க."