மனைவிக்காகக் காட்டிய மூக்கு

கண்ணாடிக்காரர் தன் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் மொத்தம் மூன்று. முதலாவது கல்யாணம். அது மனைவி எடுத்த முடிவு என்று பிற்பாடு தெரியவந்தது. இரண்டாவது மூக்குக் கண்ணாடிக் கடை. அந்த யோசனையும் அவளுடையதுதான். மூன்றாவதை மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷூ கயிற்றை முடிந்துகொண்டே, யாரையும் கேட்காமல் தன்னந்தனியாக எடுத்தார்.

மனைவியின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது!

விஷயம் இதுதான். வீட்டில் இரண்டு மாதமாக ஒரு நாற்றம். முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டுத் துடைத்தார். அடுத்து கழிவுநீர்க் குழாய். அதற்கடுத்து தன் சாக்ஸ். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகும் நாற்றம் அசையவில்லை. கடைக்குப் போனால் அங்கேயும் வந்தது. வீட்டு நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது என்று முடிவு கட்டினார். அவர் குனிந்து ஃபிரேமை மாட்டிவிடும்போது வாடிக்கையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். “புதுக் கண்ணாடி பழக நாலு நாள் ஆகும்” என்று தேற்றி அனுப்பினார்.

மூக்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. இருபது வருஷமாக ஊரில் உள்ள மூக்குகளின் மேலெல்லாம் கண்ணாடியை உட்காரவைத்தவர். ஆனால் எல்லாம் வெளிப்பக்கத்தோடு சரி. உள்ளே எட்டிப் பார்க்கும் அவசியம் அந்தத் தொழிலில் வந்ததே இல்லை.

மனைவி ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நோட்டுத் திருத்துவாள். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வகுப்புக் கதைகளைக் கேட்பார். பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வருகிற நாளில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாண்டுகளுக்கு அவள் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். “பாவம்டா, பொம்மைக்கு உடம்பு சரியில்ல. அதுக்கு வாயைத் திறக்கத் தெரியல. நீ திறந்து காட்டேன்” என்பாள். வாண்டு பொம்மைக்காக ஆவென்று திறந்துவிடும். இந்தக் கதையைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். “சரியான ஏமாளிப் பசங்க!”

அந்தச் சிரிப்பெல்லாம் போய் இரண்டு மாதமாகிறது. இப்போது அவள் மேஜையின் மறுகோடியில் உட்காருகிறாள். இவர் குனிந்து காபி டம்ளரை வைத்தால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துகிறாள். அப்படிக் குனிகிற நேரத்தில்தான் நாற்றமும் குப்பென்று அடிக்கிறது. கண்ணாடிக்காரருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நாற்றம் அவள் மூக்கிலிருந்து வருகிறது! தெரிந்துவிடப் போகிறதே என்று பொத்திக்கொள்கிறாள். பாவி மகள், தனியாகவே தவிக்கிறாளே என்று உருகினார். அந்தப் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பதை அவரால் பார்க்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள்.

“என்னங்க, உங்களுக்கு ஏதாவது வாடை வருதா?”

“எனக்கா? இல்லையே!” என்றார் பெருந்தன்மையாக.

“எனக்கு வருதுங்க. மூக்குலயே நிக்குது. வெளியில சொல்லவும் கூச்சமா இருக்கு.”

அவ்வளவுதான். மறுநாள் காலை ஷூ கயிறு, மூன்றாவது முடிவு.

“நீ ஒண்ணும் கவலைப்படாதே. மூக்கு டாக்டர்கிட்ட நான் போறேன். எனக்குன்னு சொல்லி மருந்து வாங்கிட்டு வந்து உனக்குத் தர்றேன்.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்?”

“உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

அவள் கண்கள் கலங்கின. கைக்குட்டையை மூக்கோடு அழுத்திக்கொண்டே, டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நோட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். இடது பக்கம். குனிந்தால் அதிகம். இடது கன்னத்தில் கனம். இவருக்கும் கொஞ்ச நாளாக இடது கன்னம் கனக்கத்தான் செய்தது. மனைவிக்கு வந்தது தனக்கும் வலிக்கிறதே, இதுவல்லவோ தாம்பத்தியம் என்று பூரித்துப் போனார்.

வியாழக்கிழமை டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தார்.

“எத்தனை நாளா இருக்கு?”

காகிதத்தில் அது இல்லை. “கேட்டுச் சொல்றேன்” என்றார்.

“யாரைக் கேட்டு?”

“என்னைத்தான்.”

டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முகமூடிக்குள்ளேயே மூச்சைப் பிடித்தார். “ஒரு பக்கம் மட்டும் இப்படி நாறினா, குழந்தைங்கன்னா எதையாவது உள்ள திணிச்சிருக்கும். பெரியவங்கன்னா மேல் பல்லைப் பாக்கணும். வாயைத் திறங்க.”

கண்ணாடிக்காரரின் தாடை இறுகியது. ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியிலிருந்து, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் ஓடிவந்தவர் அவர். பத்து மாதம் முன்னால் மேல் கடைவாய்ப் பல் உடைந்ததை யாரிடமும் மூச்சு விடாமல், வலது பக்கமாகவே மென்று காலம் தள்ளுகிறார். ஆனால் இது மனைவிக்காக. திறந்தார்.

“அதானே! இந்தப் பல்லு வேர் வரைக்கும் கெட்டிருக்கு. வேருக்கும் சைனஸுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எலும்புதான். சீழ் அங்க போய்த் தேங்கி, குனிஞ்சா மூக்குல இறங்குது. மாத்திரை தர்றேன். உப்புத் தண்ணி தர்றேன், மூக்கைக் கழுவுங்க. ஆனா பல்லைக் கவனிக்காம நாத்தம் போகாது.”

“மன்னிக்கணும் டாக்டர். இந்த மூக்கு என்னோடது இல்ல.”

“பின்ன?”

“என் மனைவியோடது. அவ மனசு நோகக் கூடாதுன்னு நான்தான்...”

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். “நான் இப்ப பாத்தது யார் மூக்கு?”

“என்னோடது.”

“நாறினது?”

கண்ணாடிக்காரர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறாள். “மாடியிலதான் பல் டாக்டர். நாலரைக்கு வரச் சொல்லியிருக்கார்” என்று ஒரு சீட்டை நீட்டினாள். அதில் அவர் பெயர். பதிவு செய்த நாள், திங்கட்கிழமை. அவர் தன்னந்தனியாக முடிவெடுத்ததற்கு முந்தின நாள்.

கால் வாசல் பக்கம் திரும்பியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்துப் பிடித்த கை; உதறிவிட்டு ஓட மனசு வரவில்லை. மாடி ஏறினார்.

பல் போய், மாத்திரை தீர்ந்து, மூக்கும் கழுவிக் கழுவிச் சுத்தமான ஒரு சாயங்காலம், டீச்சர் நோட்டுக் கட்டோடு பக்கத்து நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

“அப்போ உன் மூக்குல ஒண்ணுமே இல்லையா?”

“அது நல்லா இருந்ததாலதான் இத்தனை அவஸ்தை.”

“நேரா சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா கடையில நாலு பேர் முன்னால நிக்கவே கூசிப் போயிருப்பீங்க. பல்லுன்னு தெரிஞ்சா ஊரைவிட்டே ஓடியிருப்பீங்க. நீங்க வலது பக்கமாவே மெல்லுறதும், இடது கன்னத்தைத் தடவுறதும் எனக்குத் தெரியாதா?”

“அதுக்காக அந்தப் பொம்மை வைத்தியத்தை என்கிட்டயே காட்டுறதா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா?”

“சேச்சே, அப்படியெல்லாம் சொல்வேனா?” என்றாள் அவள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. “அதுங்க ரெண்டாவது நாளே கண்டுபிடிச்சிடும், பொம்மைக்கு ஒண்ணும் இல்லேன்னு.”