நன்றி பரிமாறுகிறவர்

பசியை நல்ல வார்த்தையால் ஆற்றிவிடலாம் என்று உறுதியாக நம்புகிற ஓர் இனம் இந்தப் பூமியில் நடமாடுகிறது. இப்போதைக்கு நன்றிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பெரிய விளையாட்டு விழா எங்கே நடந்தாலும் மைதானத்துக்குக் கொடிக்கம்பம் வந்து சேர்வதற்கு முன்பே இவர் வந்துவிடுவார். கழுத்தில் அட்டை, அட்டையில் பெயர், பெயருக்குக் கீழே ‘தன்னார்வலர் நலம்’ என்று ஒரு பதவி. இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி, கையில் ஒரு போன், இரண்டிலும் யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருக்க, இரண்டுக்கும் பதில் சொல்லாமல், எதிரே வருகிறவரின் தோளில் கைவைத்து, “நீங்க இல்லேன்னா இது நடக்கவே நடக்காது” என்பார். தோளை அழுத்துவார். கண்ணுக்குள் பார்ப்பார். அடுத்த தோளுக்குப் போய்விடுவார்.

சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வந்தவர்களை அவர் எப்படிக் குறிப்பிடுவார் தெரியுமா? ‘நம்ம குடும்பம்.’ யாராவது உங்களை அப்படி அழைத்தால், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று உடனே கேட்டுவிடுங்கள். அவர் சிரிப்பார். சிரிப்பு நீளமாக இருந்தால் சாப்பாடு கிடையாது.

எங்கள் ஊரில், பெரிய ஏரியின் வடகரையில், போன மார்ச்சில் தேசியப் பனிச்சறுக்குப் போட்டி இரண்டு நாள் நடந்தது. அதற்கு வாய்த்த நன்றிக்காரர் பிரென்ட் மல்விஹில். வீடு விற்றுக் கொடுக்கும் தொழில். அவருடைய சிரிப்பைப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் பஸ் ஏற முடியாது. எல்லா நிறுத்தத்திலும் பெஞ்சின் முதுகில் அது ஒட்டப்பட்டிருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு தன்னார்வலர்கள் அவர் பொறுப்பில் வந்தார்கள். ஓய்வுபெற்ற நர்சுகள், காகித ஆலைக்காரர்கள், தபால்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் முப்பது கம்பெனிகளின் பெயர் அச்சடித்த மெல்லிய ஜாக்கெட் ஒன்றும், கையில் கட்டிக்கொள்ள ஆரஞ்சுப் பட்டை ஒன்றும் கொடுத்தார்.

பட்டையின் நிறம்தான் அங்கே ஜாதகம். நீலப் பட்டை கட்டியவர் விளம்பரதாரர். அவருக்குக் கணப்படுப்பு வைத்த கூடாரம், மெத்தை நாற்காலி, காட்டரிசி சூப், புகைபோட்ட ஏரி மீன், ஆப்பிள் பை. சிவப்புப் பட்டை கட்டியவர் வீரர் அல்லது நடுவர். அவருக்குப் பாஸ்தா. ஆரஞ்சுக்காரருக்கு ஒரு காபிப் பாத்திரமும், காகிதத்தில் சுற்றிய ஓட்ஸ் பாரும். ஒருவருக்கு ஒன்று.

பிரென்ட்டைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் மாலைக் கூட்டத்தில் தன்னார்வலர்களைப் பற்றிப் பேச வேண்டிய நாலு நிமிஷப் பேச்சை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். ஓர் இடத்தில் தொண்டை அடைத்தது. அந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பட்டியலைப் பதினொரு நிமிஷத்தில் முடித்தார். விதிகளையும் அவரே எழுதினார். முதல் விதி: தன்னார்வலர் கூடாரத்துக்கு வந்துதான் சாப்பிட வேண்டும். இரண்டாம் விதி: மாற்று ஆள் வராமல் யாரும் நிற்கும் இடத்தை விட்டு நகரக்கூடாது. மாற்று ஆட்களுக்கு என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். தலைப்பு அழகாக இருந்தது. கீழே பெயர்தான் இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது குளிர் சுழியத்துக்குக் கீழே இருபத்து நாலு. காட்டுப் பாதையின் ஒன்பதாம் முனையில் காலை ஆறு மணியிலிருந்து ஐலி கோஸ்கெலா நின்றுகொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்த முனையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நீளப் போட்டிக்காரர்கள் இடது பக்கம், மற்றவர்கள் வலது பக்கம். கொடியைக் காட்டி ஆளைத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஜாக்கெட் பையில் இருந்த ஓட்ஸ் பார் உறைந்து, கடித்தால் பல்தான் உடையும் என்ற நிலைக்கு வந்திருந்தது.

பகல் பன்னிரண்டே காலுக்கு, பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் பின்சீட்டில் பிரென்ட் வந்து இறங்கினார். வண்டியை ஓட்டி வந்தவர் லெஸ் பாபியாக், அவரும் ஆரஞ்சுப் பட்டைதான். பிரென்ட் கையில் போட்டிச் சின்னம் போட்ட காகிதக் கப் ஒன்று இருந்தது.

“ஐலி, எப்படி இருக்கீங்க? நீங்க இல்லேன்னா இது நடக்கவே நடக்காது.”

“பசிக்குது பிரென்ட்.”

“அருமை. இந்த உற்சாகம்தான் வேணும். இந்தக் கப்பைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும். சூடா இருக்கற மாதிரி.”

ஐலி கப்புக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல ஒண்ணும் இல்லையே.”

“படத்துல தெரியாது.”

படம் எடுத்தார். இரண்டாவதும் எடுத்தார், முதல் படத்தில் ஐலி சிரிக்கவில்லை என்பதால். இரண்டாவதிலும் சிரிக்கவில்லை.

“சூப் எங்க இருக்கு?” என்று கேட்டார் ஐலி.

“சூப்பா? உங்களுக்குக் காபி இருக்கு. கூடாரத்துல. உங்களுக்குன்னே வெச்சிருக்கோம்.”

“கூடாரம் இங்கேருந்து மூணு கிலோமீட்டர். நான் போனா இங்க யார் நிப்பா?”

பிரென்ட்டின் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது. “அதான் ஐலி. இந்தப் பொறுப்புணர்ச்சி இருக்கு பாருங்க. இதை நான் பேச்சுல சொல்லப்போறேன்.”

ஐலி கப்பை லெஸ்ஸிடம் கொடுத்தார். கொடியை பிரென்ட்டின் கையில் வைத்தார். வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“ரெண்டு கையாலயும் பிடி. நீளப் போட்டிக்காரங்க இடது, மத்தவங்க வலது. மாத்தி அனுப்பிடாதே. பதினோரு வருஷம் உன்னை ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போயிருக்கேன், ஒரு நாள் தப்பான இடத்துல இறக்கினதில்லை.”

“ஐலி, எனக்கு ஒண்ணரை மணிக்கு விளம்பரதாரர் விருந்து இருக்கு. லெஸ், நீயாவது சொல்லு.”

“என்னத்தைச் சொல்ல? காலையிலேருந்து எனக்கும் ஒண்ணும் இறங்கலை,” என்றார் லெஸ், வண்டியைக் கிளப்பியபடி. “ஆள் வராம நகரக்கூடாது பிரென்ட். விதி இருக்கு.”

முதல் பத்து நிமிஷம் பிரென்ட்டுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நல்ல கதையாயிற்றே, பேச்சில் சேர்க்கலாமே என்று தோன்றியது. அதற்குள் வீரர்கள் வரத் தொடங்கினார்கள். இடது, வலது, இடது. கணப்படுப்பு அருகில் நிற்பதற்காக வாங்கிய கோட்டுக்குள் குளிர் வந்து உட்கார்ந்தது. விரல் நுனி மரத்தது. காலையில் ஹோட்டலில் சாப்பிட்ட முட்டையும் பன்றி இறைச்சியும் எந்த ஜென்மத்து விஷயமோ என்று வயிறு கேட்டது. மாற்று ஆள் தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய எண் அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. அழைத்தார். அவருடைய மறு பாக்கெட்டில் இருந்த இன்னொரு போன் அடித்தது.

கூடாரங்களுக்கு வருவோம். ஆரஞ்சுக் கூடாரத்தில் காபிப் பாத்திரம் ஒன்பது மணிக்கே வற்றியிருந்தது. ஐலியும் லெஸ்ஸும் பக்கத்திலிருந்த நீலக் கூடாரத்து வாசலுக்குப் போனார்கள். அங்கே காவலுக்கு நின்றவர் மோரிஸ் கான்யோன், ஓய்வுபெற்ற தபால்காரர், ஆரஞ்சுப் பட்டை. காலை ஆறு மணியிலிருந்து வறுத்த வெங்காயத்தின் வாசனையையும் புகைமீனின் வாசனையையும் மட்டுமே உண்டு வாழ்ந்துகொண்டிருந்தார்.

“உள்ள எத்தனை பேர்?” என்று கேட்டார் ஐலி.

“நூத்தம்பது பேருக்குச் சமைச்சிருக்கு. குளிருக்குப் பயந்து ஹோட்டலை விட்டு யாரும் வரலை. பதினொரு பேர் இருக்காங்க. அதுல ரெண்டு பேர் தூங்கறாங்க.”

“மிச்சத்தை என்ன செய்வாங்க?”

“நாலு மணிக்குக் குப்பையில கொட்டணும். வாலண்டியருக்குக் குடுக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு.”

“யார் எழுதினது?”

மோரிஸ் காகிதத்தைக் காட்டினார். பிரென்ட்டின் கையெழுத்து. பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தது.

மோரிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது இல்லாம எனக்கு நீலமும் ஆரஞ்சும் ஒண்ணாத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டுத் துணிக்கதவைத் தூக்கிப் பிடித்தார்.

ஐலி இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். சமையல்காரர் தானாகவே மூன்றாவதும் ஊற்றினார். கொட்டுவதற்குச் சமைத்துச் சமைத்து அவருக்கும் வெறுத்துப் போயிருந்தது. பிறகு ஐலி எழுந்து, “நாலாம் முனையில டோனா நிக்கறா. அவ வந்து சாப்பிடட்டும், நான் போய் நிக்கறேன்,” என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. லெஸ் வண்டியை எடுத்தார். சாப்பிட்டவரைக் கொண்டுபோய் இறக்கி, சாப்பிடாதவரை ஏற்றி வந்தார். ஒவ்வொரு முனையாக. ஒன்பதாம் முனை என்னாயிற்று என்று யாரோ கேட்டதற்கு, “அங்க இருக்கறவர் மத்தியானம்தானே வேலைக்கு வந்தாரு? மத்தவங்க காலை ஆறு மணி,” என்றார் லெஸ்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்குத்தான் ஒன்பதாம் முனையின் முறை வந்தது. பிரென்ட் வண்டியிலிருந்து இறங்கி நேராக நீலக் கூடாரத்துக்கு ஓடினார். உள்ளே அறுபது ஆரஞ்சுப் பட்டைகள். சிரிப்பும் கரண்டிச் சத்தமும். பாத்திரங்கள் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தன. சமையல்காரர் தேடிப் பார்த்து ஓர் ஓட்ஸ் பாரை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மணி நேரம் பசியோடு பனியில் நின்ற மனிதர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. பிரென்ட்டை வாட்டியது பசிகூட இல்லை, நிறம்தான். நீலத்தில் ஆரஞ்சு உட்கார்ந்திருந்தது. யார் உள்ளே விட்டது, எத்தனை பேரின் பட்டையை அறுப்பது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, போட்டிக் கமிட்டியின் தலைவி தொலைக்காட்சிக் கேமராவோடு உள்ளே வந்தார். காலியாகக் கிடந்த கூடாரத்தைக் காட்ட வேண்டியிருக்குமோ என்று காலையிலிருந்து கவலைப்பட்டவர், நிரம்பி வழிந்த கூடாரத்தைக் கண்டு மலர்ந்துபோனார்.

“பிரென்ட், வாலண்டியர்களுக்கு விருந்து வெச்சீங்களா? எங்கிட்டகூடச் சொல்லலையே.”

பிரென்ட் ஒரு விநாடிதான் யோசித்தார். பிறகு பஸ் நிறுத்தச் சிரிப்பு வந்தது. “அவங்க இல்லேன்னா இது நடக்கவே நடக்காது மேடம்,” என்றார். வாசலில் நின்ற மோரிஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

அன்று மாலைக் கூட்டத்தில் பிரென்ட் தன் பேச்சைப் பேசினார். தன்னார்வலர்களின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தானே விரும்பி ஒன்பதாம் முனையில் ஐந்து மணி நேரம் நின்றதாகச் சொன்னார். அடிக்கோடு போட்ட இடத்தில் தொண்டை அடைத்தது. கடைசியில், “வாலண்டியர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க, உங்களை எல்லாரும் பாக்கணும்,” என்றார். அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நாற்காலிகள் நீலப் பட்டைக்கு.

ஞாயிறு காலை ஐம்பத்தெட்டு பேர் வரவில்லை. ஐந்தரை மணிக்கு பிரென்ட் ஐலிக்கு போன் செய்தார்.

“ஐலி, உடம்பு சரியில்லையா?”

“நல்லாருக்கே.”

“என்ன பண்றீங்க?”

“பான்கேக் சுட்டுட்டிருக்கேன்.”

“எப்ப வருவீங்க?”

“சாப்பிட்டுட்டு யோசிக்கறேன் பிரென்ட்.”

அவர் நிதானமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். வரவே இல்லை. ஒன்பதாம் முனையில் மோரிஸோடு பிரென்ட்டே நிற்க வேண்டியதாயிற்று. வந்திருந்தவர்கள் எல்லாரும் பிளாஸ்கும் பொட்டலமுமாக வந்திருந்தார்கள். பிரென்ட்டும் வீட்டிலிருந்து வான்கோழி சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார். பத்து மணிக்கு ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கிப்போய், மோரிஸ் பார்க்காதபடி அவசரமாகத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பதினொன்றரைக்கு மோரிஸ் தன்னுடையதைப் பிரித்தார்.

“பாதி வேணுமா?”

“நீங்கள்லாம் இருக்கீங்களே மோரிஸ்,” என்றபடி பிரென்ட் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியது. பெரிய பாதியைத்தான் எடுத்தார்.

அடுத்த மாதம் கமிட்டிக்கு அவர் எழுதிய அறிக்கை எங்கள் எல்லோர் கைக்கும் வந்தது. அதில் ஒரு வரி: ‘தன்னார்வலர்கள் வீட்டுச் சாப்பாட்டையே விரும்புகிறார்கள் என்பது இரண்டாம் நாள் தெளிவாகத் தெரிந்தது, எனவே அடுத்த போட்டியில் அவர்களுக்கு உணவுக் கூடாரம் தேவையில்லை.’ கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. பிரென்ட்டுக்குச் சிறந்த சேவைக்கான கேடயம் கொடுத்தார்கள். அந்த விழாவில் சாப்பாடு நன்றாக இருந்ததாகக் கேள்வி.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டு விசேஷம் ஒன்று நல்லபடியாக முடிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கார்களை நிறுத்த வழிகாட்டிக்கொண்டு ஒருவர் வெயிலில் நின்றார், தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஒருவர் மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். இருவர் பெயரையும் நீங்கள் மைக்கில் சொன்னீர்கள், ஒருவருக்குச் சால்வைகூடப் போர்த்தினீர்கள். அவர்கள் அன்றைக்கு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களைக் கேளுங்கள், சாம்பாரில் என்ன காய் மிஞ்சியிருந்தது என்பதுவரை சொல்வார்கள்.