முதலாளி இரண்டு முறை அழுத்திய பொத்தான்

கணினி தெரிந்தவன் என்று பேர் எடுத்தவன் படும் அவமானம், கணினி தெரியாதவனுக்கு ஏழு பிறப்பிலும் கிடைக்காது. எனக்கு அது சித்திரைப் புத்தாண்டு கழிந்து கந்தோர் திறந்த முதல் நாளே கிடைத்தது.

எங்கள் கந்தோர், கொட்டாஞ்சேனையில் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி. அன்று பின்னேரம் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதைக் காட்டினால்தான் வெள்ளவத்தையில் நான் கட்டிக்கொள்ள நினைத்த சுமதியின் அப்பா கல்யாணப் பேச்சையே எடுப்பார். (மனிதருக்கு என் முகத்தில் நம்பிக்கை இல்லை.)

வருடத்தின் முதல் வேலையை முதலாளிதான் சுபநேரத்தில் தொடங்குவார். நான் பெரிய விண்ணன் மாதிரி ஒரு யோசனை சொன்னேன். ஆட்களைச் சரிபார்க்கும் சேர்வரும் கோப்புகள் இருக்கும் சேர்வரும் ஒரே இரகசியத் திறப்பை, அதாவது சாவியை, வைத்திருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் யாரையும் உள்ளே விடும். புதிய திறப்பை உண்டாக்கும் பொத்தானை முதலாளியே அழுத்தட்டும்!

முதலாளி சாமி கும்பிட்டு அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறந்த திறப்பை எடுத்து அடுத்த சேர்வரில் போட நான் உள்ளறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து புத்தாண்டுப் பாற்சோற்றில் கைகூட வைக்கவில்லை, அதற்குள் கணக்குப் பிரிவுச் சிங்கள அண்ணன் கத்தினார்: "மல்லி, லொக் வென்ன பே!" (தம்பி, உள்ளே போக முடியவில்லையாம். எந்த மொழியில் சொன்னாலும் இடி இடிதான்.) பிறகு எல்லா மேசையிலிருந்தும் அதே சத்தம். துறைமுக வாசலில் லொறிகள் காத்து நின்றன. வயர்களைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன், சேர்வர்களின் நேரத்தை ஒப்பிட்டேன். 'திறப்பு பொருந்தவில்லை' என்றே திரை சொன்னது. நானே போட்ட திறப்பு எப்படிப் பொருந்தாமல் போகும்?

"வருஷம் பிறந்த கையோட கம்பனியைப் பூட்டிப்போட்டீரே, தம்பி!" என்றார் முதலாளி. என் கடிதம் அவருடைய சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரை ஆறுதல்படுத்த வரவேற்பாளர் நிரோஷா கைபேசியை நீட்டினாள். "இதைப் பாருங்கோ சேர், ரெண்டாவது படம் வடிவா வந்திருக்கு. முதல் படத்தில கண்ணை மூடிட்டீங்க."

"ரெண்டாவதா?" என்றேன்.

"ஓம் அண்ணா. நீங்க உள்ளுக்கு ஓடின பிறகு, சேரை இன்னொருக்கா பொத்தானை அமத்தச் சொல்லித்தானே எடுத்தனான்."

இரண்டாம் அழுத்தலில் வேறொரு திறப்பு பிறந்திருக்கிறது; நான் கொண்டு ஓடியது அந்த நிமிடமே செத்துப்போன திறப்பு!

புதியதைப் போட்டதும் எல்லோரும் உள்ளே போனார்கள். முதலாளி கடிதத்தை நீட்டினார். (அதை யாரும் படம் எடுக்கவில்லை.)

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்தேன். படக்காரர், "அண்ணா, இன்னொருக்கா கட்டுற மாதிரிப் பிடியுங்கோ" என்றார். முன்வரிசையிலிருந்து முதலாளி துள்ளி எழுந்தார்: "ஐயோ வேண்டாம் தம்பி, திறப்பு மாறிடும்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு படத்துக்கு இரண்டாம் முறை யாரும் நிற்பதில்லை. ஆல்பத்தில் பாதிப் பேருக்குக் கண் மூடியிருக்கிறது.