ஆப்பிரிக்காவுக்கு ஆள் எடுத்த கதை

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆள் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. படிப்பு எட்டாவதோடு சரி. சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை தன் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டுப் போக, ஆப்பிரிக்கர்கள் எழுதிய நாவல்கள் சில என் கைக்கு வந்தன. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்புறம் எனக்கே தெரியாமல் விமர்சகனாகிவிட்டேன்!

என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். "ஆப்பிரிக்காவுல இன்னா கீதுன்னு அப்பால பாக்கலாம். நம்ம கூரையில இன்னா கீதுன்னு மேல ஏறிப் பாருங்க. ஒழுகுது" என்பாள்.

ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, பெங்களூரில் இலக்கியப் பத்திரிகை நடத்திவந்த பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். "நேரில் வருகிறேன். உங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கேட்டுவிட்டுப் பத்திரிகையில் போடலாமா என்று சொல்கிறேன்" என்று பதில் வந்தது.

எங்கள் ரீடிங் ரூமுக்கு வழக்கமாக வருகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தூங்க வருகிறவர். பேராசிரியரை வைத்துக்கொண்டு காலி பெஞ்சுகளிடமா பேசுவது? ஆகவே நோட்டீஸை ஷாஃப்ட் வாசல் போர்டில் ஒட்டினேன். சுரங்கத்துக்குள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கக் காத்து நிற்கும் எல்லோரும் பார்க்கிற இடம். என்ன புத்திசாலித்தனம்!

அந்த போர்டில் கம்பெனி உத்தரவைத் தவிர வேறெதுவும் வந்ததே இல்லை. ஷிஃப்ட் மாற்றம், ஆள் குறைப்பு, ஆள் எடுப்பு. அதன் நடுவில் என் நோட்டீஸ்: "ஆப்பிரிக்க இலக்கியம். பெங்களூர்ப் பேராசிரியர் தலைமை. ஞாயிறு மாலை, ரீடிங் ரூம். அனைவரும் வருக."

துரைகளில் பாதிப் பேர் ஆப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்விட்டார்கள், சீக்கிரம் நம்மையும் கூப்பிடுவார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ரீடிங் ரூமில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் குளித்து, எண்ணெய் வைத்து வாரி, கையில், வேலைக்கு எடுக்கும்போது கேட்கிற நெஞ்சு எக்ஸ்ரே கவரோடு!

முன்வரிசையில் என் பக்கத்து வீட்டு முனுசாமி. பாறையில் துளை போடுகிறவன்.

"ஏம்பா, இலக்கியம்னு போட்டிருந்தேனே, பாக்கலியா?"

"பாத்தேண்ணா. இன்னாவோ புது டிபார்ட்மென்ட்டு. எதுவா இருந்தா நமக்கு இன்னா? கல்லு கல்லுதானே!"

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். கன்னடக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் தலைமை தாங்கத் தெரியும். கூட்டத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பேச ஆரம்பித்தேன். "இந்த நாவல்ல ஒருத்தன் சுரங்க வேலைக்காக ஊரை விட்டுப் போறான்..."

"எத்தினி அடி ஆழம்ணா?" என்றது ஒரு குரல்.

"அது கதையில சொல்லல."

"கதையா? நீ போய்ப் பாத்துட்டு வரலியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு ஆள் எடுக்குறியா! குடியிருக்க குவாட்டர்ஸ் உண்டா, அத்தச் சொல்லு!"

பேராசிரியர் என் காதருகே குனிந்து ஆங்கிலத்தில், "எத்தனை கேள்விகள்! என் மாணவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

இதற்குள் முனுசாமி எழுந்து, சட்டையைக் கழற்றி, மெடிக்கலுக்கு நிற்கிறவன்போல் பேராசிரியர் முன் நெஞ்சை விரித்துக் காட்டினான். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். என் ஆங்கிலம் எழுதினால் ஓடும், பேசினால் நின்றுவிடும். "சார், இவர்கள் வேலைக்காக..." என்றேன்.

"ஆமாம், வேலை செய்து களைத்தவர்கள்! அதுதான் அற்புதம்!"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு முனுசாமியின் மனைவி கன்னியம்மா நுழைந்தாள். இடுப்பில் ஒன்று, பின்னால் இரண்டு.

"எவன்யா அது ஆப்பிரிக்காவுக்கு ஆள் புடிக்கிறவன்?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"நீயாண்ணா? என் புருசன் கப்பலேறட்டும், அன்னிக்கே இந்த மூணையும் உன் வூட்டுல வுட்டுட்டு நான் எங்க ஆத்தா வூட்டுக்குப் போறேன்! யோவ், சட்டையப் போடுய்யா!"

முனுசாமி போட்டுக்கொண்டான். கூட்டம் சிரித்தது. பேராசிரியர் மட்டும் எழுந்து நின்று கன்னியம்மாவைப் பார்த்துக் கை தட்டினார்.

சில மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தேன். என் கட்டுரை இல்லை. பேராசிரியர் எழுதிய நீண்ட கட்டுரை இருந்தது. ஆப்பிரிக்க நாவலின் துயரம் கேட்டு நெஞ்சைத் திறந்து காட்டிய தொழிலாளி, அடிமைத்தனத்தை எதிர்த்துக் குழந்தைகளோடு முழங்கிய தாய், எல்லாம் இருந்தது. என்னைப் பற்றி, "உள்ளூர் நண்பர் ஒருவர் நாற்காலிகள் ஏற்பாடு செய்திருந்தார்" என்று ஒரு வரி.

நாற்காலியே கிடையாது. பெஞ்சுதான்.

முனுசாமி ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான். "அந்த ஆபீசரு நம்மளப் பத்தி எழுதிக்கினாராண்ணா?"

"எழுதிக்கினாரு."

"அப்ப ஆர்டர் வந்துடும்!"

அந்தக் கட்டுரை பேராசிரியரை எங்கெங்கோ கொண்டுபோனது. ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் அவர்தான் என்று ஆயிற்று. கருத்தரங்கு, மேடை, மாலை, கடைசியில் விமானம்.

அன்றைக்கு அந்த ரூமுக்குள் இருந்த அத்தனை பேரிலும் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான்.