தராசு பாயும் அம்மாவின் கிரைண்டரும்

தராசு பாயைப் போல இன்னொருவரை ஆண்டவன் படைக்கவில்லை. படைக்கப் பார்த்திருந்தால், "பூமிக்கு ஏற்கெனவே லோடு ஜாஸ்தி" என்று பாயே தடுத்திருப்பார்.

டெக்சாஸில், இர்விங்கில், எங்கள் அபார்ட்மெண்டில் அத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் அவருடைய நிஜப் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சொந்த ஊர் கீழக்கரை. பக்கத்திலேயே லாஸ் கொலினாஸில் இன்ஜினீயர். ஆள் நல்ல கனம். வீட்டில் சோபா கிடையாது, தராசு மூன்று.

ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியெல்லாம் அவர் ஹாலுக்கு வந்துதான் ஏர்போர்ட் போகும். ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவன் மாமனார் வீட்டுக்கு டின்னர் செட் வாங்கி வந்தான்.

"அங்க எத்தன பேரு?" என்றார் பாய்.

"நாலு பேர், பாய்."

"தட்டு ஆறு இருக்கு. ரெண்டு தட்டு சும்மா பறக்குது பாருங்க."

இரண்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தத் தட்டில்தான் எனக்கு டிபன். அக்கிரமத்தில் சாப்பிடுகிறோமே என்று கொதித்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இப்படிப்பட்டவரோடு நான் ஏன் கூட்டுச் சேர்ந்தேன்? அம்மாவால்தான். ஒருநாள் ஃப்ரீவே ஓரத்து ரெஸ்ட் ஏரியாவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த குட்டி வீட்டின் கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, ஆற அமரக் காபி போட்டார்கள். நம் ஊரில் சினிமா நடிகர்கள் மேக்கப் போட உட்காரும் கேரவனின் தம்பி மாதிரி ஒன்று. இங்கே டிரெய்லர் என்பார்கள். பார்த்த கணத்தில் என் மண்டைக்குள் குக்கர் விசில் அடித்தது. இதில் அம்மாவை ஏற்றினால்?

தன் கையால் சமைக்காத எதையும் அம்மா தொட மாட்டாள். முந்தைய முறை வந்தபோது சான் அன்டோனியோ முழுவதையும் தயிர்சாதமும் வாழைப்பழமுமாகவே சுற்றிப் பார்த்தவள். இந்த முறை அப்பாவையும் அழைத்து வந்து, "கட்டடமெல்லாம் பாத்தாச்சுடா, ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு மலையக் காட்டு" என்று கேட்டிருந்தாள். ரிட்டர்ன் டிக்கெட்டோ மாதக் கடைசியில். பிக் பெண்ட் மலைகள் ஒரு பகல் தூரத்தில். சமையலறையையே மலைக்கு இழுத்துப் போய்விட்டால் தீர்ந்தது பிரச்சினை!

பழைய டிரெய்லர் ஒன்றைப் பாதிப் பங்கு போட்டு வாங்கலாம் என்றதும் பாய் துள்ளி எழுந்தார். அங்கே ஆரம்பித்தது என் சனி.

விற்பவர் பளபளப்பான காகிதத்தைக் காட்டி, "காலி எடை இவ்வளவு, தாங்கும் எடை இவ்வளவு, நடுவில் இருப்பது முழுக்க உங்கள் சாமான்களுக்கு" என்றார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: இந்தக் காலி எடையில் பேட்டரி உண்டா? கேஸ் சிலிண்டர்? மேலே இருக்கிற ஏசி? விற்பவர் கூரையைப் பார்த்தார். வண்டியை லாரிகள் நிறுக்கும் எடை மேடைக்கு இழுத்துப் போனோம். காலி வண்டி, காகிதத்தில் இருந்ததைவிடப் பல நூறு பவுண்டு கூட! பேட்டரியும் சிலிண்டரும் இல்லாமல் எவனாவது டிரெய்லர் ஓட்டுவானா? பெண்ணின் எடையைச் சொல்லும்போது நகையோடு தலையையும் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னால் எப்படி? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாய் மட்டும் பரம சந்தோஷமாக, "எல்லாம் போக ஐநூத்தம்பது பவுண்டு மிச்சம் தம்பி. அதான் பேலோடு. தண்ணியும் அதுக்குள்ளதான். ஒரு கேலன் எட்டு பவுண்டு, மறந்துராத" என்றார்.

கிளம்பும் நாள் காலை. அம்மா சாமான்களை வாசலில் அடுக்கியிருந்தாள். அரிசி மூட்டை, உளுந்து, குக்கர்கள், தண்ணீர்க் கேன்கள், ஊரில் இருந்து கொண்டுவந்த டேபிள் டாப் கிரைண்டர். பாய் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து வைத்து எடுத்தார்.

"அம்மா, இருநூறு பவுண்டு கூட இருக்கு. பாலைவனத்துக்குக் கிரைண்டர் எதுக்கும்மா?"

"இட்லிக்கு மாவு பாலைவனத்துல முளைக்குமா பாய்?"

"சரி, எதையாவது எறக்கி வைங்க. பைய எடுத்துட்டு வந்துர்றேன்" என்று போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என் காதைக் கடித்தாள். "ஏண்டா, இந்தக் கிரைண்டர் கல்ல நான் பிளேன்ல எப்படிக் கொண்டு வந்தேன்?"

ஹேண்ட் லக்கேஜ்! பெட்டியைத்தான் நிறுப்பான், கைப்பையை எவன் நிறுக்கிறான்? அமெரிக்கத் தமிழன் ஒவ்வொருவனும் கரைத்துக் குடித்த வேதம் அல்லவா இது. மளமளவென்று மற்றதை டிரெய்லரில் ஏற்றி, கூடுதலாக இருந்த இருநூறு பவுண்டையும் அதை இழுக்கப் போகும் என் வேனுக்குள் அடைத்தோம். கேன்கள் சீட்டுக்கு அடியில். அரிசி மூட்டை அப்பாவின் மடியில். கிரைண்டர் மேல் போர்வையைப் போர்த்தி, அம்மா அதில் காலை நீட்டிக்கொண்டாள். பாய் வந்து டிரெய்லரை எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்!" என்று என் முதுகில் தட்டினார்.

வேனை ஓட்டியது பாய். டிரெய்லர் இழுக்க எனக்கு வராது. ஐந்து மைல்கூடப் போகவில்லை. பாயின் முகம் மாறியது.

"ஸ்டீயரிங் ஏன் இவ்வளவு லேசா இருக்கு?"

"நல்லதுதானே பாய்?" என்றேன்.

லாரிகள் நிற்கும் முதல் டிரக் ஸ்டாப்பில் திரும்பி எடை மேடையில் ஏற்றினார். டிரெய்லர் சரியாக எல்லையில் நின்றது. நான் கையைத் தட்டினேன். பாய் இறங்கி வேனைச் சுற்றி வந்தார். பின்பக்கம் தரையை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன. போர்வையை விலக்கினார்.

"இந்த வேன் மூவாயிரத்து ஐநூறு பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான் பாய்!" என்று நான் கத்தினேன்.

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. மாடு வண்டிய இழுக்கும். அதுக்காக மூட்டைய மாட்டு முதுகுலயும் ஏத்துவியா? டிரெய்லரோட மூக்கு வேன் கொக்கி மேல உக்காந்து நானூறு பவுண்டு அமுக்குது. நாம நாலு பேர். வேன் பேலோடு அதுலயே முடிஞ்சு போச்சு. பின்னாடி அமுங்கினா முன் டயர் தரையப் புடிக்காது. எப்படித் திருப்புவ?"

இதை ஏன் எவனும் விளம்பரத்தில் போடுவதில்லை? இழுக்கும் எண்ணை யானை அளவுக்குப் போடுகிறார்கள். சுமக்கும் எண் கதவு இடுக்கில், எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில்!

கேன் தண்ணீரையெல்லாம் கொட்டினோம். அரிசியில் பாதியை டிரக் ஸ்டாப்காரரிடம் கொடுத்தோம். அவர் அதைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி நின்றார். அப்படியும் மிச்சம் இருபத்தெட்டு பவுண்டு. சரியாகக் கிரைண்டரின் எடை.

"அத மட்டும் எறக்க மாட்டேன். பாய், நீங்க கொஞ்சம் எளச்சா என் கிரைண்டர் வந்துரும்" என்றாள் அம்மா.

"என்னை எறக்கி விட்டுருங்களேன்" என்றார் அப்பா, ஆசையோடு.

பாய் சிரிக்கவில்லை. தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நான் பஸ் புடிச்சுப் போயிர்றேம்மா. நீங்க மலையப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டிய யாரு ஓட்டுறது? பாதி டிரெய்லர் உங்களுது! நீங்களும் இதுவரைக்கும் அந்த மலையப் பாத்ததில்ல! ஒரு கிரைண்டருக்காக எறங்குவீங்களா?"

"கணக்கு சொல்லுது தம்பி" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போர்வையைச் சுருட்டி என் கையில் திணித்தாள். "கிரைண்டரை எறக்குடா. பாய், வண்டியில ஏறுங்க."

திரும்பும்போது வாங்கிக்கொள்வதாகக் கிரைண்டரை டிரக் ஸ்டாப்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் மலையைப் பார்த்தோம். மூன்று வேளையும் உப்புமாதான். அந்தி வெயிலில் பாறையெல்லாம் சிவந்து நின்றபோது அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு இட்லி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். பக்கத்தில் உப்புமாத் தட்டோடு நின்ற பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

போன வருடம் அவர் வேலை மாறி ஹூஸ்டன் போய்விட்டார். நம் ஊர்க் கடைகள் மொய்க்கும் ஹில்கிராஃப்ட் பக்கம், பிரியாணி வாசனைக்கு நடுவில் வீடு. இந்த ஜூனில் அம்மா மறுபடி வருகிறாள். பாயும் நாங்களும் அதே டிரெய்லரில் கொலராடோ மலைகளுக்குப் போவதாகத் திட்டம். போன வாரம் பாய் போன் பண்ணினார்.

"தம்பி, இருபத்தெட்டும் எறங்கிருச்சு."

"என்ன எறங்கிருச்சு?"

"நான்தான். தினம் நடக்குறேன். பிரியாணிய விட்டுட்டேன். அம்மாட்ட சொல்லு, கிரைண்டர் வரலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் இவரைக் கேட்டது? அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அவர ஒழுங்கா சாப்பிடச் சொல்லுடா. ஒரு நாலு பவுண்டு ஏறினா ஏறட்டும்."

ஏறட்டும். அந்த நாலு பவுண்டை நான் இறக்குகிறேன். நாளைக் காலையிலிருந்து எனக்கும் வாக்கிங்.