பதினாறு மணி நான்கு நிமிடக் குற்றம்

பதினாறு மணி நேரம், நான்கு நிமிடம். மனித வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட அலட்சியம் வேறில்லை. மனிதனின் உரிமைகள் அழிவற்றவை என்று பனி கொட்டும் ஒரு புல்வெளி மாகாணத்தின் மனித உரிமைத் தீர்ப்பாயம் தன் வாசலில் பித்தளையில் பொறித்திருந்தது. அழிவற்ற ஒன்றுக்குப் புகார் தர ஓராண்டுக் கெடு தாராளம் என்பது அதன் கருத்து. கோரசோன் மக்பனுவா அந்த ஓராண்டு போதாமல், மேற்படி பதினாறு மணி நான்கு நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாமதத்தைக் கண்டுபிடித்தவர் கெடு அலுவலர் வெர்னன் ஃப்ரீசன். இருபத்திரண்டு ஆண்டுச் சேவையில் அவர் ஒரு புகாரைக்கூடப் படித்ததில்லை. படித்தால் இரக்கம் வரும்; இரக்கம் வந்தால் கணக்கு தப்பும். முதல் பக்கத்தின் தேதி முத்திரையை மட்டும் பார்ப்பார். மற்ற பக்கங்கள் ஒட்டிய உறைக்குள் இருக்கும். கெடுவுக்குள் வந்தவற்றை மாடியில் யாரோ பிரித்துப் படிப்பதாகக் கேள்வி.

கோரசோனின் தாமதத்தை மன்னிக்கலாமா என்று விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. அது தாமதம் அல்ல, ‘நிதானம்’.

விசாரணை நாள் பிப்ரவரியில் வந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொரு டிகிரி. கோரசோன் மேலங்கியைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்தார்.

“முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல பதினோரு வருஷம் வேலை பாத்தேன், மேடம். இடுப்புல ஆபரேஷன். உக்காந்து காய் நறுக்க ஒரு ஸ்டூல் கேட்டேன். வேலையை விட்டே—”

“நிறுத்துங்க!” தீர்ப்பாய உறுப்பினர் ஃபிலிஸ் ஹார்கோர்ட் கையை உயர்த்தினார். “அது உறைக்குள்ள இருக்கிற விஷயம். இன்னைக்கு நீங்க லேட்டா வந்தது மட்டும்தான் விஷயம்.”

“இதைத் தள்ளிட்டீங்கன்னா நான் போய்க் கேக்க வேற இடமே இல்லை, மேடம்.”

“அதுவும் உறைக்குள்ள. தாமத விளக்கப் படிவம் ஏன் தரலை?”

“தந்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க.”

வெர்னன் எழுந்தார். “தாமதம் ஆகறதுக்கு முப்பது நாள் முன்னாடியே அதைத் தரணும், மேடம்.”

“லேட்டாகப் போறேன்னு எனக்கு முன்னாடியே எப்படி சார் தெரியும்?”

“திட்டமிட்டு வாழணும்.”

“அப்போ நான் சமையல்காரியா இருந்தது தப்பு. ஜோசியக்காரியா இருந்திருக்கணும்.”

அந்தக் கேலி பதிவேட்டில் சேர்க்கப்படவில்லை.

“சரி, கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஏன் வரலை?” என்றார் ஃபிலிஸ்.

“வந்தேனே! மத்தியானம் ரெண்டு பத்துக்கு. கதவு பூட்டியிருந்துச்சு. தட்டினேன். கண்ணாடி வழியா ஒருத்தர் என்னைப் பாத்தார். மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு நான்தான் முதல் ஆள்; முத்திரை குத்த நாலு நிமிஷம் ஆச்சு.”

“யார் பாத்தது?”

ஆளை விரல் நீட்டிக் காட்டுவது கோரசோன் பிறந்த பிலிப்பைன்ஸில் மரியாதை இல்லை; உதட்டால் காட்டுவார்கள். உதட்டைக் குவித்து வெர்னன் பக்கம் நீட்டினார்.

“என்னம்மா இது!” ஃபிலிஸ் மேசையைத் தட்டினார். “விசாரணை நடக்கிறப்ப அலுவலருக்கு முத்தமா? சாட்சி யாரும் இல்லைன்னு எழுதிக்குங்க, வெர்னன்.”

வெர்னனின் தேவாலயத்தில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். உதடு எதைக் காட்டுகிறது என்று அவருக்குத் தெரியும். பேனாவைத் திறந்தார். இருபத்திரண்டு ஆண்டில் அவர் ஒரு நிமிடத்தைக்கூடத் தவறாக எழுதியதில்லை. பேனாவை மூடினார்.

“எழுத முடியலை, மேடம். சாட்சி நான்தான்.”

“நீங்களா? அப்போ கதவைத் திறக்க வேண்டியதுதானே?”

“நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல எழுந்து போனா மரியாதையா இருக்காதுன்னு...”

“நானா? எதைப் பத்தி?”

வெர்னன் பித்தான் போட்ட கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“அன்னைக்கு மனித உரிமை தினம், மேடம். யாரும் உள்ளே வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கதவைப் பூட்டிட்டு, எல்லாரும் கேக் வெட்டிக்கிட்டிருந்தோம்.”