எடை மெஷினை விற்றுத் திரும்பப் பெற்ற விவரம்

என்றும் என் மேல் கோபிக்க உரிமையுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அத்தானின் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். பத்து நாளாக நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டாயாம். உன்னோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை அக்கா. மணி அடித்தாலே குத்துச்சண்டைப் பயிற்சியாளராக இருக்குமோ என்று பயந்து, போனைத் தலையணைக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று முன்தினம்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்து மூச்சு விட்டேன்.

போன மாதம் படுக்கையறை அலமாரிக் கதவு மூட மறுத்தது. "பழசையெல்லாம் ஆப்ல போட்டு வித்துத் தொலைங்களேன், ஊரே விக்குது" என்றாள் இவள். நாங்கள் இருவரும் காலையில் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதே, அதைத் துடைத்துப் போட்டோ எடுத்து, கீழே என் கைப்பட விவரம் எழுதினேன்: "முப்பத்திரண்டு வருடம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் பயன்படுத்தியது. ஒரு கிராம் பிசகாது. தபால் செலவு இலவசம்." இலவசம் என்று போட்டால்தான் விற்கும் என்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சொன்னார். யாருக்கு இலவசம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் விற்றுவிட்டது. உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு பழைய ஸ்வெட்டரைச் சுற்றி, டிவி வந்த பெட்டிக்குள் வைத்துக் கூரியருக்குத் தூக்கிப்போனால், அந்தக் கவுண்டர் பெண் பெட்டியை நிறுத்துப் பார்க்காமல் டேப்பை எடுத்து நீளம் அகலம் அளக்கிறாள். "கனத்துக்குத்தானேம்மா காசு?" என்றேன். "இடத்துக்கும் காசு சார்" என்றாள். வந்த விலையில் பாதி அங்கேயே போனது. போகட்டும், பெயர் கெடாமல் விற்றோமே என்று வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாம் நாள் ஆப்பில் செய்தி: "பொருள் விவரித்தபடி இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும்." எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்காரர் எத்தனை பேருக்கு நான் அபராதம் போட்டிருப்பேன், என்னிடமே எடைப் புகாரா? கொஞ்ச நேரத்தில் வாங்கியவரே கூப்பிட்டார். பெண்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர்.

"சார், உங்க மெஷின் மூணு கிலோ கம்மியா காட்டுது."

"தரை சமமா இருக்கா பாருங்க."

"பாத்தாச்சு சார்."

"ஏறினவங்க ஆடாம நின்னாங்களா?"

"சார், நான் முதல் ஆறு மாசம் நிக்கத்தான் சொல்லித் தரேன்."

விஷயம் இதுதான் அக்கா. அவரிடம் பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் ஒரு பெண் இருக்கிறாள். என் மெஷினில் ஏறினால் ஐம்பதரை. அதை நம்பி ஐம்பத்தொரு கிலோப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினால் ஐம்பத்து மூன்றரை! போட்டிக்குப் பத்தே நாள். "நீங்க இன்ஸ்பெக்டர்னு போட்டிருந்தீங்களே சார், அதை நம்பித்தான் வாங்கினேன்" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. ஆப்பின் சட்டம் இப்படி: பொருளில் குறை என்றால் பணத்தையும் கொடுத்து, திரும்பி வரும் தபால் செலவையும் விற்றவன் ஏற்க வேண்டும், வாங்கியவர் மனம் மாறித் திருப்பினால் தபால் செலவு அவருடையது. நான் "மனம் மாறிவிட்டார்" என்ற பட்டனை அழுத்தினேன். தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த இவள், "மனசு மாறினா மூணு கிலோ ஏறுமா?" என்றாள். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவளையும் இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்த மெஷினில் ஏறினேன். வீட்டில் அறுபத்தேழு இருந்தவன் அங்கே எழுபது. இவள் ஏறினாள், உடனே இறங்கினாள். "நாலு வருஷமா நடையா நடந்து நான் குறைச்ச மூணு கிலோ?" என்று கேட்டாள். "அது மெஷின் குறைச்சது" என்று உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மெஷின் மேல் எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை தெரியுமா அக்கா? அது என் பக்கம் பேசியது. கடைக்காரன் பக்கம் பேசிய தராசையெல்லாம் ஒரு பார்வையில் பிடித்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டனை மாற்றி, "குறை என்னுடையது" என்று எழுதி, முழுப் பணத்தையும் திருப்பினேன். பயிற்சியாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "மெஷினை நீங்களே வெச்சுக்குங்க, திருப்பி அனுப்பற செலவு அதோட விலையைவிட ஜாஸ்தி" என்றேன். "ஐயோ வேண்டாம் சார், இது இங்க இருந்தா பொண்ணுங்க எல்லாம் இதுல மட்டும்தான் ஏறுவாங்க" என்று பதறினார். சரி என்று திரும்பும் தபாலுக்கும் நானே கட்டினேன். அதே டிவி பெட்டி, அதே ஸ்வெட்டர், அதே நீள அகலம்.

காசு போனது உறைக்கவில்லை. என் ஒரு வரியால் அந்தப் பெண் போட்டிக்கே போக முடியாமல் போனால்? பத்து நாளும் சோறு இறங்கவில்லை. மருந்துக்கடையில் ஏறிப் பார்த்தேன், ஒரு கிலோ நிஜமாகவே குறைந்திருந்தது. நேற்று முன்தினம் போன் அடித்தது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இவள்தான் எடுத்தாள். கதவைத் தட்டி, "வெளிய வாங்க, அந்தப் பொண்ணு பரிசு ஜெயிச்சுடுச்சு!" என்றாள்.

நடந்தது என்னவென்றால், தப்பு முன்னாலேயே தெரிந்ததால் அவளை ஐம்பத்து நான்கு கிலோப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பட்டினி கிடந்து இளைக்க வேண்டியதில்லை, வயிறாரச் சாப்பிடலாம். சாப்பிட்டாள், அடித்தாள், இரண்டாம் பரிசு. அந்தப் பெண்ணே போனில் வந்து, "தேங்க்ஸ் அங்கிள், கரெக்டான மெஷின் அனுப்பியிருந்தீங்கன்னா முதல்லயே ஐம்பத்தொண்ணுக்கு இளைக்க வெச்சிருப்பாங்க, நான் இன்னேரம் டயட்ல செத்திருப்பேன்" என்றாள். பயிற்சியாளர் ஆப்பில் எனக்கு ஐந்து ஸ்டார் போட்டு, "மெஷின் பொய், மனிதர் நிஜம்" என்று எழுதியிருக்கிறார். பணி ஓய்வு நாளில் போட்ட மாலைகூட இவ்வளவு மணக்கவில்லை அக்கா. இவளும் பேச ஆரம்பித்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் எங்களைக் கண்டால் மெஷினைத் துடைத்து வைக்கிறார்.

இனி இந்த ஜென்மத்தில் ஆப்பில் ஒரு குண்டூசியும் விற்க மாட்டேன். அந்த ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும். அவர்கள் எடை எவ்வளவு இருந்தாலும் சரி. உன் ஆசீர்வாதத்தை வேண்டும்,

உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் நினைவு வந்தது. ஐந்து ஸ்டாரைப் பார்த்துவிட்டு, வேறு என்ன இருக்கிறது என்று நேற்று மூன்று பேர் கேட்டார்கள். போன தடவை நீ இங்கே மறந்து வைத்துப்போன சக்கரம் வைத்த நீலப் பயணப்பெட்டி நல்ல விலைக்குப் போய்விட்டது. உனக்கு வேண்டுமென்றால் கவலைப்படாதே. வாங்கியவர் உன் தெருவிலேயே, உனக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். நீயே போய் அவரிடம் பேசி வாங்கிக்கொண்டால் தபால் செலவு மிச்சம்.